சீட்டு வேறு, 'சிட் ஃபண்டு' வேறு
(குடும்பப் பொருளாதாரப் பாடம்)

கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் 'சீட்டு' என்பது நல்ல சொல். மகள் கல்யாணத்துக்கும், மகன் கல்லூரிக் கட்டணத்துக்கும், ஊரில் ஒரு மனை வாங்குவதற்கும் சீட்டுப் பணம் கைகொடுத்த கதை பல வீடுகளில் உண்டு. ஆனால் இந்நகரத்து வங்காளப் பத்திரிகைகளில் 'சிட் ஃபண்டு' என்றாலே மோசடி என்றுதான் பொருள். "பாட்டி சீட்டுக் கட்டுகிறாளே, அதுவும் இதுதானா?" என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? இரண்டிலும் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் தானே கிடைத்துவிடும்.

சீட்டின் கணக்கு

இருபது பேர் சேர்ந்து மாதம் ரூ. 5,000 வீதம் இருபது மாதம் கட்டும் ஏலச்சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் சேருவது ஒரு லட்சம். அவசரத் தேவை உள்ளவர் ரூ. 20,000 கழிவுக்கு ஏலம் கேட்டு ரூ. 80,000 எடுத்துக்கொள்கிறார். அந்தக் கழிவில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் ரூ. 5,000 போக, மீதி ரூ. 15,000 இருபது பேருக்கும் தலைக்கு ரூ. 750 ஆகப் பங்கிடப்படுகிறது. பொறுத்திருப்பவருக்குக் கிடைக்கும் லாபம், அவசரப்பட்டவர் விட்டுக்கொடுத்த தொகைதான். வெளியிலிருந்து ஒரு காசும் வரவில்லை; இருபத்தோராவது ஆள் தேவையும் இல்லை. இருபதாம் மாதம் கணக்கு தீர்ந்துவிடும்.

இதற்கு மத்திய அரசின் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. மாநில அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டுத் தொடங்கக் கூடாது. நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை வைக்க வேண்டும். கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்த அது 2019-இல் 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. சீட்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. எடுத்தவர் கட்டாமல் போகலாம். நடத்துபவரே ஊரைவிட்டு ஓடலாம். பதிவில்லாத சீட்டில் நம்பிக்கை ஒன்றுதான் காவல். ஆனாலும் அதன் கணக்கில் ஒளிவுமறைவு கிடையாது.

மற்றதன் கணக்கு

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு கம்பெனி ஆண்டுக்கு 48 சதவீத வட்டி என்று சொல்லி நூறு பேரிடம் தலைக்கு ரூ. 10,000 வாங்குகிறது என்று வையுங்கள். கையில் பத்து லட்சம். பணம் பிடித்துத் தந்த ஏஜெண்டுகளுக்குக் கால் பங்கு கொடுத்தால் மீதி ஏழரை லட்சம். மாத வட்டி ரூ. 40,000. தொழில் ஒன்றும் செய்யாமல் இந்த ஏழரை லட்சத்திலிருந்தே வட்டியைக் கொடுத்து வந்தால், பதினெட்டு மாதம் குறித்த தேதியில் கொடுக்கலாம். பத்தொன்பதாம் மாதம் பெட்டி காலி. அசல் பத்து லட்சம் அப்படியே பாக்கி. அதற்குள் புதிதாக இருநூறு பேர் சேர்ந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் நானூறு பேர் வேண்டும். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் பொன்சி என்பவர், 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி இதைத்தான் செய்தார். அவர் பெயரே இத்தகைய மோசடிக்கு நிலைத்துவிட்டது.

பதினெட்டு மாதம் ஒழுங்காக வட்டி வந்தது என்பது நேர்மைக்குச் சான்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வந்தது நம் பணமேதான்.

கொல்கத்தா கண்டவை

இந்நகரம் கல்கத்தாவாக இருந்தபோது, 1975 ஜூலையில் ரூ. 7,000 முதலுடன் 'சஞ்சயிதா' என்ற கூட்டு நிறுவனம் தொடங்கியது. ரசீதில் 12 சதவீதம் என்று எழுதிவிட்டு, கையில் 48 சதவீதம் வரை கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. 1980 டிசம்பரில் சோதனை நடந்தபோது நூறு கோடி ரூபாய்க்கு மேல் மக்கள் பணம் அதில் இருந்தது. சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தார்கள். ஆனால், அந்தச் சட்டம் வரையறுக்கும் குற்றத்துக்கான விவரங்கள் புகாரில் இல்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1982-இல் அவ்வழக்கை ரத்து செய்தது. சட்டத்தின் வாசகம் ஒரு பக்கம், மோசடியின் வடிவம் மறுபக்கம்!

அடுத்தது சாரதா குழுமம். அதற்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நிலம், ஃப்ளாட், சுற்றுலா என்ற பெயர்களில் முன்பணம் வாங்குவதாகக் காட்டி, லட்சக்கணக்கானோரிடம் பணம் திரட்டியது. 2013 ஏப்ரலில் அது சரிந்தது. அதன் தலைவர் சுதீப்த சென் காஷ்மீரில் கைதானார். பணம் போட்டவர்களிலும், அவர்களிடம் வாங்கிக் கொடுத்த ஏஜெண்டுகளிலும் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். ஏஜெண்டுகள் பெரும்பாலும் அதே தெருக்காரர்கள், உறவினர்கள். கம்பெனியை யாருக்கும் தெரியாது, ஏஜெண்டைத் தெரியும். அந்தத் தெரிந்த முகம்தான் முதலீடாயிற்று. பிறந்த ஊரைவிட்டு வந்து நம்மவர் என்ற உறவையே பெரிதாக நம்பி வாழும் நமக்கு இது மிகவும் பொருந்தும்.

ஏமாறாதவரும் விலை கொடுத்தார்கள். மாநில அரசு ரூ. 500 கோடி நிவாரண நிதி அறிவித்து, அதற்காகப் புகையிலைப் பொருள்கள் மீது கூடுதல் வரி விதித்தது. ரோஸ் வேலி என்ற மற்றொரு குழுமத்தில் பணம் போட்டவர்களுக்காக முடக்கப்பட்ட சொத்திலிருந்து ரூ. 515 கோடி ஒப்படைக்கப்பட்டது 2025 ஏப்ரலில்தான். அதன் தலைவர் கைதானது 2015-இல். பத்து ஆண்டில் ஒரு குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று எண்ண வேண்டாம். 1998-இல் அனுபவ் தேக்குத் தோட்டத் திட்டம் சரிந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியதாக ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-இல் வழக்குப் பதிவாயிற்று.

ஆசைக்குக் காரணம்

பேராசை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமல்ல. 1988-இல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பாயிற்று. 2014-இல் அது மறுபடியும் வந்தபோது 100 மாதம் ஆயிற்று. 2023 ஏப்ரல் முதல் 115 மாதம் என்று அறிவித்தார்கள். வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் நமக்காகக் காத்திருப்பதில்லை. வட்டியை நம்பி வாழும் ஓய்வு பெற்றவர், அதிகம் தருகிறேன் என்பவர் பக்கம் திரும்புவது இயல்புதான். அதனால்தான் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

ஒன்று: 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். 7.5 சதவீதமானால் 9.6 ஆண்டு, அதாவது 115 மாதம். 48 சதவீதமானால் ஒன்றரை ஆண்டு! எந்த நேர்மையான தொழில் அப்படிச் சம்பாதிக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டு: "ரிஜிஸ்டர் செய்த கம்பெனி" என்றால் போதாது. கம்பெனியாகப் பதிவு செய்துகொள்வது வேறு. பொதுமக்களிடம் பணம் வாங்க ரிசர்வ் வங்கியோ, செபியோ, சீட்டுப் பதிவாளரோ அளிக்கும் அனுமதி வேறு. 2019-இல் வந்த சட்டம் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களையே தடை செய்கிறது.

மூன்று: மூழ்கினால் யார் பொறுப்பு? வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ. 5 லட்சம் வரை 2020 முதல் காப்பீடு உண்டு. தபால் நிலையச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. தெரிந்தவர் கொண்டுவரும் திட்டத்துக்கு அந்தத் தெரிந்தவர் மட்டும்தான். அவரும் நம்மைப் போலவே ஏமாந்தவராக இருக்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். இந்தக் கணக்கைப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பாட்டியின் சீட்டையும் விட்டுவிட வேண்டாம்: அதற்குப் பதிவு இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.