வரிசையை மாற்றிவிடாதீர்கள்

ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லவும் வீட்டு ஜெபக் கூட்டங்களில் செய்தி கொடுக்கவும் புதிதாக முன்வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். கிருபை, விசுவாசம், கீழ்ப்படிதல் மூன்றையும் தொடாமல் உங்களுக்கு ஒரு வாரமும் கழியாது. மூன்றும் வேண்டும் என்பதில் நம் சபைகளில் யாருக்கும் சண்டை இல்லை. எது முன்னே, எது பின்னே என்பதில்தான் தடுமாறுகிறோம்.

1. பத்துக் கட்டளைகளை மூன்றாம் வசனத்திலிருந்து தொடங்காதீர்கள். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், ஒரு கட்டளையும் வருமுன்னே, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவந்தவர் என்று கர்த்தர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பஸ்கா 12-ஆம் அதிகாரத்திலேயே நடந்துவிட்டது. 14-இல் கடலையும் கடந்துவிட்டார்கள். புறப்பட்ட மூன்றாம் மாதத்தில்தான் சீனாய்க்கு வந்து சேருகிறார்கள். கட்டளைகளைக் கைக்கொண்டால் விடுதலை தருகிறேன் என்று செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் பேரம் பேசவில்லை. பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும்போது நேரம் மிச்சமாகும் என்று அந்த இரண்டாம் வசனத்தை விட்டுவிட்டால், மீதிப் பத்தும் பள்ளிக்கூட விதிமுறை மாதிரி ஆகிவிடும்.

2. ஆபிரகாமைப் பற்றிப் பேசுமுன் அதிகார எண்களைக் கவனியுங்கள். ஆதியாகமம் 15-இல் அவர் கர்த்தரை விசுவாசிக்கிறார். அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. 16-இல் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு வயது 86. 17-இல் விருத்தசேதனம் பெறும்போது 99. ஆகவே நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் உடலில் அடையாளம் பெற்றதற்கும் நடுவே பதின்மூன்று வருஷமாவது இருக்கிறது. ரோமர் 4-இல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். மோரியா மலையில் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்துவது 22-ஆம் அதிகாரம். யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அந்த மலையைக் காட்டுகிறார். காட்டிவிட்டு, பவுல் எடுத்த அதே 15-ஆம் அதிகார வசனத்தையும் எடுத்து, அது அன்றைக்கு நிறைவேறியது என்கிறார். பவுல் பேசுவது தொடக்கத்தை. யாக்கோபு பேசுவது அந்தத் தொடக்கம் உயிருள்ளதுதானா என்பதை. இருவரையும் மோதவிட்டுக் கைதட்டல் வாங்கும் பிரசங்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆதியாகமத்தை வரிசையாக வாசித்துவிட்டு வந்தால் அந்த மோதலில் பாதி தானே அடங்கிவிடும்.

3. எபேசியர் 2:8, 9 இரண்டையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தாதீர்கள். பத்தாம் வசனத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். கிரியைகளினால் இரட்சிப்பு இல்லை என்று எழுதிய அதே கை, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வரியில் எழுதுகிறது.

4. விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிவிடாதீர்கள். இது நுட்பமான தப்பு. பக்தி வேஷத்தில் வரும். வியாதிக்காரர் வீட்டுக்குப் போய், உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் தாமதிக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தசமபாகமும் உபவாசமும் கொண்டு தேவனை விலைபேச முடியாது என்று மேடையில் முழங்குகிறவர்களே, கட்டிலருகில் விசுவாசத்தின் அளவைக் காட்டி விலைபேசுகிறார்கள். மாற்கு 9-இல் வரும் தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். தன் அவிசுவாசத்துக்கே உதவி கேட்டு அழுதவர் அவர். அவருடைய மகன் சுகமானான். இயேசு அவருடைய விசுவாசத்தை நிறுத்துப் பார்த்துவிட்டுக் குணமாக்கவில்லை.

5. கிருபையைப் பெற்றவன் அன்றைக்கே எல்லாவற்றிலும் கீழ்ப்படிந்துவிடுவான் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கீழ்ப்படியாமல் இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொல்லாதீர்கள். கிருபையைப் பாடி உலகப் புகழ் பெற்ற பாடலை எழுதிய ஜான் நியூட்டனின் கதையை எல்லாரும் சொல்கிறார்கள்: 1748-இல் கடலில் புயல், கதறல், மனமாற்றம், உடனே பாடல். நடந்தது அப்படி அல்ல. அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனானார். கப்பலில் ஜெபமும் வேதவாசிப்பும் இருந்தன; கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்களும் இருந்தார்கள். 1754-இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் உடல்நலக் குறைவு. 1764-இல் குருவானார். பாடல் 1773 புத்தாண்டுக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக, தாம் கண்டதையும் செய்ததையும் ஒப்புக்கொண்டு சிறுநூல் வெளியிட்டது 1788-இல். புயலிலிருந்து நாற்பது வருஷம்! இதைச் சொல்லாமல் மறைத்தால், கிருபை ஒரே ராத்திரியில் மனிதனை முடித்துவிடும் என்று பிள்ளைகள் நம்பி, பிறகு தங்களையே பார்த்து ஏமாந்துபோவார்கள். சொல்லும்போது அந்த நாற்பது வருஷத்தின் விலையைக் கொடுத்தவர் நியூட்டன் அல்ல, சங்கிலியில் கிடந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் வீட்டுக் கதையும் இதில் உண்டு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை நீங்க வேண்டும், ஆலயத்தில் தனித்தனி இருக்கையும் திருவிருந்தில் முன்பின்னும் கூடாது என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் தெரிந்தவர்கள், கிரியையினால் அல்ல கிருபையினாலே என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். தங்களுக்குச் சும்மா கிடைத்தது அடுத்தவருக்கும் சும்மா கிடைத்தது என்பதை மட்டும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. கலாத்தியர் 2-இல் பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்ததும் ஒரு சாப்பாட்டுப் பந்தி விஷயத்தில்தான். விசுவாசத்தினாலே நீதிமானாவது பற்றிய பவுலின் வாதம் அந்தப் பந்தியிலிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே பரம்பரை, சம்பந்தம், கல்லறைத் தோட்டம், கமிட்டித் தேர்தல் என்று வரும்போது நம் சபைக்கு என்ன ஆகிறது என்று வாலிபர் கேட்டால், அது வேறு விஷயம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். அதே விஷயம்தான்.

6. லூத்தரைப் பாதி மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். 1522-இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார் என்பது உண்மை. பிந்திய பதிப்புகளில் அந்தப் பகுதி இல்லை என்பதும் உண்மை. அதே 1522-இல் ரோமருக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்கத் தெரியாதது, நன்மை செய்யலாமா என்று கேட்கும் முன்பே செய்துகொண்டிருப்பது என்ற கருத்தை விரிவாகச் சொல்கிறார். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் யாரோ வாசிக்க ஜான் வெஸ்லி கேட்டது அந்த முன்னுரையைத்தான். அதற்குப் பிறகு வெஸ்லி குதிரைமேல் சுற்றிய தூரத்தைப் பார்த்தால், கிருபை ஆளைச் சோம்பேறியாக்கும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

7. சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கடைசி நிமிஷத்து மனந்திரும்புதலுக்குச் சாக்காக்க விடாதீர்கள். ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, இறங்கி வந்து ஒரு நன்மை செய்யவும் வழியில்லை; பரதீசு கிடைத்தது. சாகக் கிடக்கிற ஒருவர் தம் பழைய கணக்கை நினைத்து நடுங்கினால் லூக்கா 23-ஐ வாசியுங்கள். வேறு எதுவும் வேண்டாம். ஆனால் திடகாத்திரமாக வட்டிக்கு விட்டுக்கொண்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவருக்கு அதை வாசிக்காதீர்கள். அவருக்கு லூக்கா 19 இருக்கிறது. சகேயு கேட்குமுன்பே இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். அதற்குப் பிறகு நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்கிறான் சகேயு. கள்ளனும்கூட, அசைக்க முடிந்த ஒரே உறுப்பான நாவை வைத்து, பக்கத்துச் சிலுவையிலிருந்தவனைக் கடிந்துகொண்டான்.

8. அடுத்த தெருக் கத்தோலிக்கரைக் கண்டால், உங்களுக்குக் கிரியை எங்களுக்குக் கிருபை என்று ஆரம்பிக்காதீர்கள். 1547-இல் திரெந்து சங்கம் எழுதியதை வாசித்தால், கிருபை முந்திவராமல் மனிதன் தன் செயலால் நீதிமானாக முடியாது என்றே அதுவும் தொடங்குகிறது. வித்தியாசங்கள் அதற்குப் பிறகு வருகின்றன. அவை சின்னவையும் அல்ல. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். வாதாட வேண்டும் என்று துடித்தால் முதலில் அதைப் படியுங்கள். அப்புறமும் வாதாட ஆசை இருந்தால், அவர் வீட்டிலேயே ஒரு காப்பியோடு உட்கார்ந்து வாதாடுங்கள்.