நஞ்சு காவலாகும் விதம்

கேள்வி: வாகனப் புகையில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, பயிர்களை வறட்சியினின்றும் உவர்ப்பினின்றும் காக்கிறது என்கிறார்களே, நஞ்சு எவ்வாறு காவலாகும்?

பதில்: புகையில் வருவதும் இலைக்குள் பிறப்பதும் ஒரே வாயுதான், ஆயினும் இலைக்குள் அது, நைட்ரைட்டினின்று நைட்ரேட் ரிடக்டேஸ் என்னும் நொதி முதலியவற்றால், அணுப்பிரமாணமாக, வேண்டிய வேளையில் உண்டாக்கப்படுகிறது என்பதே பேதம். வறட்சியும் உப்பும் தாவரத்தை வருத்துங்கால், அதன் உயிரணுக்களில் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய உக்கிரமான ஆக்சிஜன் வடிவங்கள் பெருகிச் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்க முற்படுகின்றன. அப்போது நைட்ரிக் ஆக்சைடு, பட்டாணிச் செடியில் கண்டறிந்தபடி, ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக்கும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் நொதியின் சிஸ்டீன் கந்தகத்தோடு பிணைந்து அதன் வேகத்தைக் கூட்டுவதோடு, இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலத்தின் ஆக்ஞையைக் காவலணுக்கள் நிறைவேற்றவும் துணை நிற்கிறது. 1998-இல் இரத்தக்குழாய்களில் இதன் பணியைக் கண்டவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், தாவரங்களின் நோயெதிர்ப்பிலும் இதற்குப் பங்குண்டென்று ஆய்வுகள் வெளிவந்தன. என்ன அற்புதமான பொருத்தம்! இவ்வாயு அளவு மிஞ்சினாலோ, சூப்பர் ஆக்சைடுடன் கூடிப் பெராக்சிநைட்ரைட் என்னும் கொடிய பொருளாகிறது. சோதனைச்சாலையில் நைட்ரிக் ஆக்சைடை வழங்கப் பயன்படும் சோடியம் நைட்ரோபுரஸைடு சயனைடையும் வெளியிடுவதாகலின், அன்பர் அதை வயலில் தெளிக்க எண்ண வேண்டாம்.