மலிவு வேறு, மட்டம் வேறு: ஸ்பெக்ட்ரம் கணினி பற்றிய தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

1982 ஏப்ரல் 23 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட் மெமரி உள்ளதன் விலை 125 பவுண்ட். 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்ட். இதற்கென்று தனியாகத் திரை வாங்க வேண்டியதில்லை, வீட்டு டிவியே போதும். புரோகிராமைச் சேமித்து வைக்க, பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரே போதும். அதே காலத்தில் பிரிட்டன் பள்ளிகளில் இடம்பிடித்த ‘பிபிசி மைக்ரோ’வின் 32 கிலோபைட் மாடல் 399 பவுண்டுக்கு விற்றது. இந்த வித்தியாசம்தான், கணினி வாங்குவதை நினைத்தே பார்க்காத லட்சக்கணக்கான குடும்பங்களுக்குள் ஸ்பெக்ட்ரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இவ்வளவு பரவிய பொருளைப் பற்றி இன்றும் பல தவறான கருத்துகள் உலவுகின்றன. பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: விலை குறைவு என்றால் தரமும் குறைவுதான் என்பது. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: கிளைவ் சின்க்ளேர் என்ற ஒரு மேதை தனியாளாக உருவாக்கிய கணினி இது.

உண்மை: பெயர் சின்க்ளேருடையது, வேலை பலருடையது. மின்னணு வடிவமைப்பைச் செய்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். கணினிக்குள் பதிக்கப்பட்ட ‘பேசிக்’ என்ற புரோகிராம் மொழியை எழுதியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். பயனர் கையேட்டை எழுதியவரும் அவரே. கறுப்புப் பெட்டியும் அதன் மூலையில் வானவில் பட்டையுமான அந்தத் தோற்றம் ரிக் டிக்கின்சன் கைவண்ணம். பாகங்களைக் கோத்து முழுக் கணினியாக்கியவர்கள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள்.

சின்க்ளேரின் பங்கு வேறு விதமானது. சாமானியர் வாங்கக்கூடிய விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும்படி கணினியை உருவாக்கச் சொன்னார். 1980இல் இசட்எக்ஸ்80ஐ 99.95 பவுண்டுக்கும், 1981இல் இசட்எக்ஸ்81ஐ 69.95 பவுண்டுக்கும் விற்றுக் காட்டியவர் அவர். ஆல்ட்வாசரும் விக்கர்ஸும் ஸ்பெக்ட்ரம் வெளிவந்த சில காலத்திலேயே விலகி, ‘ஜூபிடர் ஏஸ்’ என்ற தங்கள் சொந்தக் கணினியைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பெயர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

நம்பிக்கை 2: பழுதான சிப்புகளைப் போட்டு வாங்குபவர்களை ஏமாற்றினார்கள்; அதனால்தான் விலை குறைந்தது.

உண்மை: இந்தப் பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு. ஆனால் அதில் ஏமாற்று இல்லை.

48 கிலோபைட் மாடலில் கூடுதலாகச் சேர்த்த 32 கிலோபைட்டுக்கு எட்டு மெமரி சிப்புகள் தேவைப்பட்டன. 64 கிலோபிட் சிப்புகள் அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. தயாரிப்பில் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி குறையோடும் வந்த சிப்புகளைக் கழித்துப் போடாமல், சரியான பாதியைச் சோதித்து உறுதி செய்து, 32 கிலோபிட் சிப்புகளாகக் குறைந்த விலைக்கு விற்றார்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள். எந்தப் பாதி நல்லது என்பதைப் பொறுத்து, சர்க்யூட் பலகையில் ஒரு சிறு கம்பி இணைப்பை மாற்றிவைத்தால் போதும். குறையுள்ள பாதியை ஸ்பெக்ட்ரம் தொடுவதே இல்லை. வாங்கியவருக்குச் சொன்ன 48 கிலோபைட் முழுதாகவே கிடைத்தது.

விலை குறைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஃபெரான்டி நிறுவனத்தின் ‘யூஎல்ஏ’ சிப். இது ஒன்றோடொன்று இன்னும் இணைக்காத ஏராளமான சிறு மின்பாகங்களோடு பாதி தயாரான நிலையில் வரும். வாங்கும் நிறுவனத்தின் தேவைக்கேற்பக் கடைசி அடுக்கில் கம்பித்தடம் போட்டுத் தருவார்கள். இசட்எக்ஸ்80இல் 21 சிப்புகள் செய்த வேலையை இசட்எக்ஸ்81இல் நான்கே சிப்புகள் செய்தது இதனால்தான். ஸ்பெக்ட்ரத்திலும் திரை, ஒலி, கீபோர்டு, கேசட் ஆகிய நான்கையும் ஒரே யூஎல்ஏ கவனித்துக்கொண்டது.

நம்பிக்கை 3: நிறங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது வடிவமைப்பில் நேர்ந்த பிழை.

உண்மை: ஸ்பெக்ட்ரம் விளையாட்டில் மஞ்சள் நிறப் பாத்திரம் பச்சை மரத்தைக் கடக்கும்போது, மரத்தின் ஒரு பகுதியும் சட்டென மஞ்சளாகிவிடும். பார்ப்பவருக்கு இது கோளாறாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் காரணம் புரியும்.

திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192, ஆக 49,152 புள்ளிகள். எட்டு நிறங்களில் ஒன்றை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் குறித்துவைக்க, புள்ளிக்கு 3 பிட் வேண்டும். மொத்தம் 18,432 பைட். 16 கிலோபைட் மாடலின் மெமரி முழுவதுமே 16,384 பைட்தான். அதாவது, படத்துக்கே மெமரி போதாது. புரோகிராமுக்கு இடமே இல்லை.

இதற்கு அவர்கள் கண்ட வழி அருமையானது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் ஒரு பிட். அதற்கு 6,144 பைட். திரையை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட 768 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பைட்டில் முன்நிறம், பின்நிறம், பிரகாசம், மினுக்கம் நான்கையும் அடக்கினார்கள். ஆக மொத்தம் 6,912 பைட்டில் முழு வண்ணத் திரை. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்கள்தான் இருக்க முடியும் என்பது இதற்குக் கொடுத்த விலை. தெரிந்தே கொடுத்த விலை அது, பிழை அல்ல.

நல்ல படைப்பாளிகள் இந்த எல்லைக்குள்ளேயே வழி கண்டார்கள். 1984இல் வந்த ‘நைட் லோர்’ விளையாட்டு ஓர் அறையை முழுவதும் ஒரே நிறத்தில் காட்டியது. நிற மோதல் இல்லாமல், முப்பரிமாணத் தோற்றத்தில் பிரிட்டனையே வியக்க வைத்தது.

நம்பிக்கை 4: கேசட்டிலிருந்து ஏற்றும்போது வந்த கிரீச் ஒலியும் திரை ஓரத்து வண்ணக் கோடுகளும் வெறும் இடையூறு.

உண்மை: அந்த ஒலிதான் தகவல். 0 என்ற பிட் ஏறத்தாழ அரை மில்லி செகண்ட் நீளமுள்ள ஒலித்துடிப்பு. 1 என்ற பிட் அதைப்போல இரு மடங்கு நீளம். முதலில் சில நொடிகள் ஒரே சீரான ஒலி வரும். அது, தகவல் வரப்போவதைக் கணினி கண்டுகொண்டு தயாராவதற்காக. அப்போது திரையின் ஓரம் சிவப்பும் வெளிர்நீலமுமாக ஓடும். தகவல் வரத் தொடங்கியதும் நீலமும் மஞ்சளுமாக மாறும். ஒவ்வொரு துடிப்பையும் கணினி உணரும்போதெல்லாம் ஓரத்தின் நிறத்தை மாற்றுகிறது. ஏற்றம் சரியாக நடக்கிறதா என்பதைப் பயனர் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முகப்புப் படம் வரும் விதத்திலும் மெமரியின் அமைப்பு வெளிப்படும். முதலில் கறுப்பு வெள்ளையாகக் கோடு கோடாக, மேல், நடு, கீழ் என மூன்று பகுதிகளாக நிரம்பும். கடைசியில்தான் நிறங்கள் கட்டம் கட்டமாக ஏறும். முன்பு சொன்ன 6,144 பைட் முதலிலும் 768 பைட் பின்னாலும் வருவதே காரணம். 48 கிலோபைட் விளையாட்டு ஒன்று ஏறி முடிய ஐந்து நிமிடம் ஆகும். மெதுவானதுதான். ஆனால் ஒலியாக இருந்ததால் புரோகிராமை வானொலியில்கூட ஒலிபரப்ப முடிந்தது. யுகோஸ்லாவியாவில் அப்படி ஒலிபரப்பினார்கள். நேயர்கள் கேசட்டில் பதிந்து பயன்படுத்தினார்கள்.

நம்பிக்கை 5: ரப்பர் விசைகளும், ஒரு விசைக்கு ஒரு சொல் என்ற முறையும் அரைகுறை வேலையின் அடையாளம்.

உண்மை: வேகமாகத் தட்டச்சு செய்ய அந்த கீபோர்டு உதவாது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 40 விசைகளுக்குத் தனித்தனி பாகங்கள் போடாமல், ஒரே ரப்பர் விரிப்பை வார்த்து, அதன் மேல் துளையிட்ட உலோகத் தகட்டையும் அடியில் அச்சிட்ட மின்தடங்கள் கொண்ட மெல்லிய தாளையும் வைத்தது, செலவைப் பெரிதும் குறைத்தது.

‘பி’ விசையை ஒருமுறை தட்டினால் ‘பிரிண்ட்’ என்ற கட்டளை முழுதாக வந்துவிடும். ‘ஜே’ தட்டினால் ‘லோட்’. இது விரலுக்கு ஓய்வு கொடுக்க மட்டும் அல்ல. எழுத்தெழுத்தாக வரும் சொல்லைப் படித்துக் கட்டளையாக மாற்றும் பகுதியே பேசிக் மொழிக்குத் தேவைப்படவில்லை. ‘ரோம்’ எனும் 16 கிலோபைட் நிலையான மெமரிக்குள் மொழி முழுவதும் அடங்க அது உதவியது. தவறான வரியை எழுதி என்டர் தட்டினால் கணினி ஏற்றுக்கொள்ளாது. பிழை உள்ள இடத்தில் ஒரு கேள்விக்குறி மினுக்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது பெரிய துணை.

நம்பிக்கை 6: அது வெறும் விளையாட்டுப் பெட்டி.

உண்மை: பெரும்பாலானோர் விளையாடத்தான் செய்தார்கள். ஆனால் சுவிட்சைப் போட்டதும் வந்து நின்றது விளையாட்டு அல்ல. நீங்கள் எழுதுவதற்காகக் காத்திருக்கும் பேசிக் மொழி. விக்கர்ஸின் கையேடு ஒற்றைக் கட்டளையில் தொடங்கி மெஷின் கோட் வரை படிப்படியாக அழைத்துச் செல்லும். ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் எழுப்பும் அந்தச் சிறு ஒலிப்பானில் இசைமேதை மாலரின் சிம்பொனிப் பகுதி ஒன்றை வாசிக்கவும் அதில் பாடம் உண்டு. ‘டாஸ்வேர்ட்’ போன்ற எழுத்துச் செயலிகளும் கணக்குத் தாள்களும் இதில் ஓடின.

விளையாடிய பிள்ளைகளில் பலர், இதை நாமே செய்தால் என்ன என்று கேட்டார்கள். 1983இன் பெரும் வெற்றியான ‘மேனிக் மைனர்’ விளையாட்டை எழுதிய மேத்யூ ஸ்மித் அப்போது பதின்ம வயதினர். ‘நைட் லோர்’ செய்த ஸ்டாம்பர் சகோதரர்கள் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ‘ரேர்’ நிறுவனத்தை நிறுவினார்கள். டண்டீயின் டைமெக்ஸ் ஆலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய நிறுவனத்திலிருந்துதான் ‘லெம்மிங்ஸ்’, ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ இரண்டும் வந்தன.

நம்பிக்கை 7: சி5 மின்வண்டியின் தோல்விதான் கணினி நிறுவனத்தைக் கவிழ்த்தது.

உண்மை: 1985 ஜனவரியில் வந்த சி5 படுதோல்வி அடைந்தது உண்மை. ஆனால் அதை வெளியிட்டது தனி நிறுவனம்; கணினி நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்ற பணத்தில் சின்க்ளேர் அதை நடத்தினார். கணினி நிறுவனத்தைச் சாய்த்தவை வேறு. 1984இல் அறிவித்த ‘கியூஎல்’ கணினி முழுமை பெறும் முன்பே விற்பனைக்கு வந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனை எதிர்பார்த்த அளவு நடக்காமல் சரக்கு தேங்கியது. தயாரித்துக் கொடுத்தவர்களுக்குக் கடன் ஏறியது. 1986 ஏப்ரலில் ஆலன் சுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்குக் கணினி வணிகத்தை வாங்கியது. ஸ்பெக்ட்ரம் தோற்கவில்லை, கைமாறி 1992 வரை விற்பனையில் இருந்தது.

நம்பிக்கை 8: பிரிட்டனோடு முடிந்துபோன கதை இது.

உண்மை: பிரேசிலில் ‘டிகே90எக்ஸ்’, செக்கோஸ்லோவாக்கியாவில் ‘டிடாக்டிக்’ என இதன் சாயலில் கணினிகள் வந்தன. சோவியத் நகரங்களில் யூஎல்ஏ சிப் கிடைக்காததால், சாதாரண சிப்புகளைக் கொண்டே அதே வேலையைச் செய்யும் ‘லெனின்கிராட்’, ‘பென்டகன்’ மாடல்களை வடிவமைத்தார்கள். வரைபடத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பற்றவைத்துச் செய்தவர்கள் ஏராளம். இந்தியாவிலும் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 1986இல் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்று விற்றது.

விலை குறைந்த கருவி எதைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: செலவை எங்கே குறைத்தார்கள், அதற்குப் பதிலாக எதைக் காப்பாற்றினார்கள்? ஸ்பெக்ட்ரத்தை உருவாக்கியவர்கள் விசைகளில் குறைத்தார்கள், நிறங்களில் குறைத்தார்கள், சிப்புகளில் குறைத்தார்கள். பிள்ளை தானே புரோகிராம் எழுதும் வசதியில் மட்டும் கை வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது, விலையைப் பார்க்கும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.