ஒரு வாயிலுக்கு இருவர்

மென்பொருட் சோதனைகள் பலவற்றை ஒரே கணினியில் ஒருங்கே ஓட்டுங்கால், குற்றமற்ற நிரலும் பிழைபட்டதாகத் தோன்றுவதுண்டு. செய்தி வந்துசேரும் வாயிலாகிய போர்ட் ஒன்றிலே, 8080 என்னும் அதே எண்ணிலே, ஒவ்வொரு சோதனையும் தன் வழங்கியை அமர்த்த முயலுதலே காரணம். முந்தியது அமரும், பிந்தியது மறுக்கப்படும். மாணவரோ நல்ல நிரலை இரவெல்லாம் திருத்துவர்!

எண்ணைப் பூச்சியமெனக் கொடுப்பின், பணிசெயல் முறைமையே வெறுமையான எண்ணொன்றைத் தேர்ந்தளிக்கும். லினக்சில் அது வழக்கமாக 32768 முதல் 60999 வரையுள்ளது. அமர்ந்த எண்ணை வழங்கியிடமே கேட்டறிந்து சோதனைக்கு உணர்த்துக. சிலர் வெற்றெண்ணொன்றை முன்னரே திறந்து பார்த்து, மூடிவிட்டு, அதன் பின் வழங்கிக்குக் கொடுப்பர். அது தவறு. மூடுதற்கும் மீளத் திறத்தற்கும் இடைப்பட்ட கணத்தில் பிறிதொரு சோதனை அதனைக் கவர்ந்துவிடலாம். இத்தகைய பிழை பன்முறை ஒளிந்திருந்து, எதிர்பாராத வேளையிலேயே தலைகாட்டும்.