கை தூக்காத மாணவி

கேள்வி: பெரம்பலூரில் பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் செந்துறைப் பக்கம். ‘கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் யாரெல்லாம் ட்யூட்டிக்கு வருவீர்கள்?’ என்று வகுப்பில் கேட்டார்கள். தோழிகள் கை தூக்கினார்கள், எனக்குத் தூக்க வரவில்லை. வீட்டில் இருப்பது ஒரே அறை. ஆயாவுக்குச் சர்க்கரையும் வீசிங்கும் இருக்கிறது. நான் நர்ஸ் ஆகத் தகுதியில்லாதவளா?

– ஒரு மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்: மகளே, ஆயாவை நினைத்துத் தயங்கிய உன்னிடம்தான் நோயாளியை நம்பி ஒப்படைப்பேன். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து மூட்டை தூக்கும் தொழிலாளிகள் கொரோனாத் தொற்றோடு ஊர் திரும்பியபோது அரியலூர், பெரம்பலூர் கிராமங்கள் பட்ட பாடு உனக்கே தெரியும். நோய் எந்த வழியாக வீட்டுக்குள் வரும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் ஒன்று. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நர்ஸாக இருந்த லினி, 2018 மே 21 அன்று நிபா வைரஸ் தொற்றில் இறந்தார். அவர் கவனித்த நோயாளிக்கு வந்திருப்பது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ‘தொற்று ட்யூட்டி’ என்று யாரும் அவரைக் கேட்டு அனுப்பவில்லை, வழக்கமான ட்யூட்டிதான். பெயர் தெரியாத காய்ச்சல்தான் முதலில் வார்டுக்கு வரும். அதனால் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும், கை கழுவுவதும் முகக்கவசமும் இன்றைக்கே பழகிவிட வேண்டும்.

பாதுகாப்பு உடையைக் கழற்றும்போதுதான் தவறு நடக்கும். பன்னிரண்டு மணி நேர வியர்வையில் முகம் அரிக்கும், முகக்கவசத்தைப் பிய்த்தெறியத் தோன்றும். கையுறை, அங்கி, கண்ணாடி எல்லாம் போய், அறைக்கு வெளியே வந்தபின் கடைசியாகத்தான் அது. இடையிடையே கை சுத்தம். தோழி ஒருத்தியை எதிரே நிற்க வைத்து, பத்து முறை செய்து பார். உன் கை எத்தனை முறை தானாக மூக்குக்குப் போகிறது என்று அவள் சொல்வாள்.

படிக்கும்போதே உன்னையும் அழைக்கக்கூடும். 2021 மே மாதம் மத்திய அரசு, இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த நர்சிங் மாணவர்களையும் ஆசிரியர் மேற்பார்வையில் கொரோனா பணிக்கு எடுக்கலாம் என்றது. தடுப்பூசியும் காப்பீடும் உண்டு, நூறு நாள் முடித்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்றும் சொன்னது. நம் மாநிலத்தில் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸுகளோ, 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது என்றதும் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே உன் டியூட்டரிடம் நேராகக் கேள்: ட்யூட்டி முடிந்து நான் தங்க வீட்டுக்கு வெளியே அறை உண்டா? மேற்பார்வைக்கு எந்த சிஸ்டர் கூட இருப்பார்? எனக்குக் காய்ச்சல் வந்தால் படுக்கை எங்கே? காப்பீடு எழுத்தில் இருக்கிறதா? நீ இன்னும் பதிவு பெற்ற நர்ஸ் இல்லை, மாணவி. கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. தங்க அறை கிடைத்துவிட்டால் உன் பதில் என்னவாக இருக்கும் என்று எனக்கு எழுது.