மரத்துக்கு விலை உண்டு, மண்ணுக்கு?

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டுப் பல ஆண்டுகள் ஆனாலும், "கோயில் மரத்துக்குப் பின்னால நம்ம வீடு" என்றே இடம் சொல்வார்கள். என் பாட்டியும் அப்படித்தான். மரமும் இல்லை, வீடும் இல்லை. அவர் மனத்திலுள்ள வரைபடம் மட்டும் அழியவில்லை. இப்படிப்பட்ட வாய்மொழிச் செய்தியை நம் நாட்டு நீதிமன்றம் ஒன்று சான்றாக ஏற்றது என்று படித்தபோது வியந்து போனேன். அந்த வழக்கைப் பற்றியும் இன்றைய பருவநிலை மாற்றத்தோடு அதற்குள்ள தொடர்பைப் பற்றியும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சிலாங்கூர், டிங்கில் வட்டாரத்திலுள்ள புக்கிட் தம்போய், தெமுவான் எனும் ஓராங் அஸ்லி மக்களின் ஊர். 1995-இல், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக அவர்களின் நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. வெளியேற 14 நாள் தவணை. வீட்டுக்கும் பயிருக்கும் பழமரங்களுக்கும் இழப்பீடு கிடைத்தது. நிலத்துக்கு ஒரு காசும் இல்லை. ஏன்? 1954-ஆம் ஆண்டு பூர்வகுடி மக்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மரங்களுக்கு இழப்பீடு 'தர வேண்டும்' என்கிறது. நிலத்தைப் பற்றிய 12-ஆம் பிரிவோ 'தரலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் படித்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஒரு விகுதிக்குள் ஓர் ஊரின் கதியே அடங்கிக் கிடந்தது.

சாகோங் பின் தாசியும் வேறு அறுவரும் வழக்குத் தொடுத்தனர். அவர்களிடம் நிலப்பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணோடு வாழ்ந்த வாழ்க்கையும் அதைப் பற்றி மூத்தோர் சொல்லி வந்த வரலாறும்தான் இருந்தன. ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் 2002-இல் வழங்கிய தீர்ப்பில், சாட்சியச் சட்டத்தின் வரம்புக்குள் இத்தகைய வாய்மொழி வரலாற்றை ஏற்கலாம் என்றது. நிலத்தின் மீதே அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 'தரலாம்' என்பதை, கூட்டரசு அரசியலமைப்பின் 13-ஆவது விதி கேட்கும் போதுமான இழப்பீட்டோடு இணைத்தே படிக்க வேண்டும் என்று நீதிபதி கோபால் ஸ்ரீராம் விளக்கினார். 2010-இல் 65 லட்சம் ரிங்கிட் இழப்பீட்டோடு வழக்கு சமரசமாக முடிந்தது. நிலம் போய் அதற்குள் 15 ஆண்டுகள்!

இதை நம் தோட்டக் கதையோடு ஒப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம் முன்னோர் உழைத்த நிலம் கம்பெனிக்குச் சொந்தமானது. இவர்களோ கம்பெனியும் அரசாங்கமும் வருவதற்கு முன்பே அங்கிருந்தவர்கள். ரப்பருக்காகக் காடு அழிக்கப்பட்டபோது அந்தக் காட்டுக்குள் யார் வாழ்ந்தார்கள் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. நான் படித்த இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்திலும் அந்தக் கேள்வி எழுந்ததாக நினைவில்லை.

சரி, பருவநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அதே சிலாங்கூரில், தெமுவான் மக்கள் சூழ்ந்து வாழும் கோல லங்காட் வட வனக் காப்பகத்தைப் பார்ப்போம். அது காம்புட் எனப்படும் சதுப்பு மண் காடு. எப்போதும் நீர் தேங்கி நிற்பதால் விழுந்த இலையும் மரமும் முழுமையாக மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும். மண் காய்ந்து, கரிவளி வெளியேறி, நிலமே கீழிறங்கும். தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகையும். புகைமூட்டத்தில் பள்ளி மூடப்பட்ட நாள்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

2020 பிப்ரவரியில் அக்காப்பகத்தின் ஏறத்தாழ 930 ஹெக்டரை வனப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மருந்துச் செடிகளுக்கும் சடங்குகளுக்கும் அக்காட்டை நம்பியிருந்த தெமுவான் மக்கள் எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. ஆயினும் 2021-இல் பாதிக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டது தெரிய வந்து, எதிர்ப்பு வலுத்த பின்னர், செப்டம்பரில் அதை மீண்டும் வனமாக்க மாநில அரசு முடிவு செய்தது.

2015-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, 7-ஆவது விதியில் பூர்வகுடிகளின் அறிவைப் பயன்படுத்தச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அறிவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, நிலத்தை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியுமா? நில உரிமை உறுதியில்லாதவரால் பருவநிலைக்கு ஏற்ப நிலத்தைப் பேணுவது கடினம் என்று ஐநாவின் பருவநிலை வல்லுநர் குழு 2019-இல் வெளியிட்ட நில அறிக்கையும் சொல்கிறது. நாளை வந்து அழித்துவிடுவார்கள் என்றால் இன்று யார் மரம் நடுவார்?

இப்போது காட்டிலுள்ள கார்பனுக்கே விலை வந்துவிட்டது. 2021 அக்டோபரில், சபாவில் 20 லட்சம் ஹெக்டர் காட்டின் இயற்கை வளத்தைச் சந்தைப்படுத்த, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுடன் நூறாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. காடு அழியப் போவதில்லை, காக்கப்படும் என்றார்கள். அந்தக் காடுகளைச் சார்ந்து வாழும் பூர்வகுடி மக்களுக்கோ, கையெழுத்தான பிறகு, நவம்பரில் ஊடகங்கள் வழியாகத்தான் விவரம் தெரிந்தது. புக்கிட் தம்போயில் பழமரத்துக்கு விலை போட்டார்கள், இங்கே நிற்கும் மரத்தின் கார்பனுக்கு. 1995-இல் 14 நாள் தவணையாவது கொடுத்தார்கள்.