ஏழு அடுக்கு இருக்கட்டும்

கேள்வி: நெட்வொர்க்கிங் கற்க ஆரம்பநிலைக் கையேடு ஒன்று வாங்கினேன். ஏழு அடுக்குகளையும் மனப்பாடம் செய்தாகிவிட்டது. ஒன்றும் விளங்கவில்லையே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்த அத்தியாயத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஏழு அடுக்கு கொண்ட ஓஎஸ்ஐ மாதிரி 1984-இல்தான் தரநிலையாக வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. இன்றைய இணையம் ஓடுவதும் அதில்தான். (நேர்முகத் தேர்வில் ஏழு அடுக்கைக் கேட்காமல் விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.)

உங்கள் கணினியிலிருந்தே தொடங்குங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று தெரியும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கலாம்; மோதல் வராது. தகவல் வெளியே போகும்போது ரௌட்டர் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்பிவிடும். ஏன் இந்தச் சுற்றுவழி? ஐபிவி4 முகவரி 32 பிட் கொண்டது; மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். உலகத்துக்குப் போதவில்லை. இந்தக் காரணம் பிடிபட்டால், வெளியே போகும் வாசலான 'கேட்வே'யும், முகவரியை மாற்றி அனுப்பும் இந்த 'நாட்' (NAT) முறையும் தாமாகவே விளங்கும்.

அடுத்து, கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் செய்யுங்கள். அதற்குப் பதில் வந்தும், பெயரைத் தட்டினால் இணையதளம் திறக்கவில்லையா? முதலில், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.

கையேடு ஏ, பி, சி என்ற ஐபி முகவரி வகுப்புகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருந்தால் தாண்டிவிடுங்கள். 1993-லேயே சிடிஐஆர் என்ற வகுப்பில்லா முறை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. அதற்குப் பதிலாகச் செய்து பாருங்கள்: நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இரண்டு கணினிகளை ஒரு ஸ்விட்ச்சில் இணைத்துப் பார்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.